புகையைக் குறைங்க, பூட்டைக் கழற்றுங்க!

தலையங்கம்



சங்கத்து நோட்டீசில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். உரத் தட்டுப்பாடு, கண்மாய் வரத்துக்கால் ஆக்கிரமிப்பு, பயிர்க் காப்பீட்டுப் பாக்கி என்று எழுத எத்தனையோ கிடக்க, வண்டியைப் பத்தி எழுத வந்துட்டாங்களேன்னு நினைக்கலாம். ஆனால் அமராவதிபுதூரில் ஒரு சம்சாரி வீட்டுத் தொழுவை எட்டிப் பாருங்கள். உழவு மாடு கட்டிய இடத்தில் இன்றைக்கு நிற்பது எது? ரெண்டு சக்கர வண்டிதானே! உர மூட்டை அதிலேதான் வருது. பால் கேன் அதிலேதான் போகுது. புல்லுக்கட்டு, மருந்தடிக்கிற ஸ்பிரேயர், காயில் கட்டக் காரைக்குடிக்குக் கொண்டு போற பம்புசெட் மோட்டார், எல்லாத்துக்கும் அதுதான் வாகனம். கலப்பை போல, மண்வெட்டி போல அதுவும் நமக்கு ஒரு விவசாயக் கருவி. அரசாங்கக் கணக்கில் மட்டும் அப்படி இல்லை. 2025 செப்டம்பர் 22 வரை டிராக்டருக்கு 12 சதவீத ஜி.எஸ்.டி., நம்ம வண்டிக்கு 28 சதவீதம். அதற்குப் பிறகு டிராக்டருக்கு 5 ஆச்சு, வண்டிக்கு 18 ஆச்சு. குறைச்சதுக்கு நன்றி. ஆனால் விற்கும்போது போடும் வரி ஒரு தடவைதான். வாங்கின பிறகு பத்து வருசம் அதை ஓட வைக்கிற செலவு இருக்கே, அதைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம்.

பழைய கதையிலிருந்து வருவோம். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. ரெண்டு பேர் உட்காரலாம், பெட்ரோல் தீர்ந்தால் மிதித்துக்கூட வீடு வந்து சேரலாம். பிறகு எக்ஸ்.எல். வந்தது. சென்னையில் 1955 முதல் புல்லட் செய்தார்கள். 1985-ல் ஆர்.எக்ஸ். 100, அதே வருசம் சி.டி. 100, 1994-ல் ஸ்பிளெண்டர். இந்த வண்டிகளுக்குள் இருந்த சூட்சுமம் என்ன? ஒரு கார்ப்ரேட்டர், ஒரு பிளக், ஒரு மேக்னட் காயில். காத்து வேகமாகப் போகும்போது அதுவே பெட்ரோலை உறிஞ்சி எடுத்துக்கும். அதற்குக் கரண்டு வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். காலால் உதைத்தால் மேக்னட் சுத்தும், பொறி வரும், வண்டி ஓடும். பேட்டரி செத்தால் ஹாரன் அடிக்காது, அவ்வளவுதான்.

வண்டி நின்னுச்சுன்னா என்ன செய்வோம்? பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்போம். ஜெட்டை வாயால் ஊதுவோம். பாயிண்ட் வைத்த வண்டியாக இருந்தால் அந்த இடைவெளியைச் சரிபார்ப்போம். அதிலும் முடியலேன்னா ஊர் முக்கத்துப் பட்டறைக்குத் தள்ளிட்டுப் போவோம். அந்தப் பட்டறைக்காரர் காதை வைத்துக் கேட்டே எது கோளாறு என்று சொல்லிவிடுவார். காசு? "அறுப்புக்குக் குடுங்கண்ணே" என்பார். இந்த ஒரு வார்த்தைக்குள் நம்ம மாவட்டத்து விவசாயப் பொருளாதாரமே இருக்கிறது. மழையை நம்பி, கண்மாயை நம்பி வருசத்துக்கு ஒரு போகம் எடுக்கிற பூமி இது. ஆடியில் விதைக்கிறவன் கையில் தை மாசம்தான் காசு வரும். அந்த ஆறு மாசம் அவன் வண்டியை ஓட வைத்தது அந்தப் பட்டறைக்காரரின் கடன் நோட்டு. எந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலாவது அறுப்புக்குக் கணக்கு எழுதுவார்களா?

இதைச் சொன்னால் உடனே, "நீங்க பழசைப் பிடிச்சுத் தொங்குறீங்க, புகை கக்குற வண்டிதான் வேணுமா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறோம்.

டூ ஸ்ட்ரோக் வண்டி நம்ம நுரையீரலுக்கு நல்லது செய்யலை. அதன் எஞ்சினில் புதுப் பெட்ரோல் உள்ளே வரும் நேரமும் எரிந்த புகை வெளியே போகும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடும். அதனால் போட்ட பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். கூடவே கலந்த ஆயிலும் எரிந்து நீலப் புகையாக வரும். காசும் போச்சு, காத்தும் போச்சு. சந்தை நாளில் ரோட்டோரம் காய்கறி விரித்து உட்கார்ந்திருக்கிற நம்ம வீட்டுப் பெண்கள்தான் அந்தப் புகையைக் குடித்தார்கள். அதை மறந்துவிட்டு "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா" என்று பேச நாங்கள் தயாரில்லை. புது வண்டியில் மைலேஜ் கூட வருது, மார்கழிக் குளிரிலும் சோக் இழுக்காமல் ஸ்டார்ட் ஆகுது. இதெல்லாம் உண்மை.

நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. பி.எஸ். 3 வண்டிகளை 2017 ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று மார்ச் 29-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது நாடு முழுக்க விற்காமல் நின்ற வண்டி எட்டு லட்சத்துக்கும் மேல். அதில் ஆறரை லட்சத்துக்கு மேல் ரெண்டு சக்கர வண்டி. அந்தக் கடைசி ரெண்டு நாளில் ஆயிரக்கணக்கில் தள்ளுபடி கொடுத்துத் தள்ளிவிட்டார்களே, ஞாபகம் இருக்கா? அந்தத் தள்ளுபடி வண்டிகள் இன்றும் நம் ஊரில் ஓடுகின்றன. பிறகு பி.எஸ். 5 என்ற படியையே தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 வந்தது. பெட்ரோலில் இருக்கும் கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. இதையெல்லாம் நாம் எதிர்க்கவில்லை. நம்ம பிள்ளைகளும் அந்தக் காற்றைத்தானே சுவாசிக்கிறார்கள்.

பி.எஸ். 6 வண்டியில் கார்ப்ரேட்டரை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை ஏன் வைத்தார்கள் என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். புரியாமல் எதிர்த்தால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். சைலன்சருக்குள் பிளாட்டினம் வகை உலோகம் பூசிய ஒரு வடிகட்டி இருக்கிறது. விஷ வாயுவை அது மாற்றிவிடும். ஆனால் அது ஒழுங்காக வேலை செய்ய ஒரு கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று என்ற கணக்கு பிசகாமல் இருக்கணும். வெயில், மழை, மேடு, மூட்டை எதுவானாலும் அந்தக் கணக்கு தப்பக் கூடாது. கார்ப்ரேட்டரால் அந்த அளவுக்கு முடியாது. அதனால்தான் டேங்குக்குள் ஒரு கரண்டு பம்பு, எஞ்சின் வாயில் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர், அங்கங்கே சென்சார், எல்லாத்துக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர். புகைக்குழாயில் ஆக்சிஜனை அளக்கிற ஒரு சென்சார் உட்கார்ந்து, பெட்ரோல் கூடுதா குறையுதான்னு நொடிக்கு நொடி சேதி சொல்லும். அந்தச் சென்சார் ஒரு சின்ன மின்வேதிக் கலம். மின்வேதியியலுக்கென்றே 1953 முதல் இயங்கும் தேசிய ஆய்வகம் எங்கே இருக்கு? நம்ம காரைக்குடி சிக்ரிதான்! அந்த விஞ்ஞானம் நமக்கு அந்நியமில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அதைப் பட்டறைக்காரர் கைக்குக் கொடுக்க மறுக்கிறார்கள் என்பதுதான் நம் புகார்.

நம் உறுப்பினர் ஒருவருக்கு ஐப்பசி மழையில் நடந்ததைக் கேளுங்கள். பால் ஊற்றிப் பிழைக்கிறவர். ராத்திரி மழைக்கு வண்டியை வைக்கப்படப்பு ஓரமாக, தகரத்துக்குக் கீழே நிறுத்தியிருக்கிறார். காலையில் அஞ்சு மணிக்கு பட்டனை அமுக்கினால் எஞ்சின் சுத்துது, பிடிக்கலை. உதைத்துப் பார்த்தார், பிடிக்கலை. மீட்டரில் மஞ்சள் விளக்கு மட்டும் அணையாமல் எரியுது. பட்டறைக்காரர் வந்து பார்த்தார். பிளக்கில் பொறி இல்லை, பெட்ரோலும் வரலை. "அண்ணே, இதுக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு பார்க்க எங்கிட்ட மெஷின் இல்லையே" என்று கைவிரித்துவிட்டார். இருபத்தஞ்சு வருசம் வண்டி பிரித்த மனிதர்! குட்டியானை பிடித்து டவுனுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஷோரூமில் ஆளில்லை, நாளைக்கு வாங்க என்றார்கள். மூணாம் நாள், வயரிங் செட் முழுசாக மாத்தணும் என்றார்கள். ரெண்டு வாரப் பால் பணம் அதிலேயே போச்சு. அந்த மூணு நாளும் பாலை வாடகை ஆட்டோவில் சொசைட்டிக்கு அனுப்பினார்.

கழற்றின பழைய வயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததுதான் அவர் செய்த புத்திசாலித்தனம். பட்டறைக்காரர் அதை விரித்துப் பார்த்தார். ஒரே ஒரு வயர், விரல் நீளத்துக்கு எலி கடிச்சிருந்தது. எஞ்சின் சுத்துதான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சாரின் வயர் அது. சேதி வரலேன்னா கம்ப்யூட்டர் பொறியும் விடாது, பெட்ரோலும் விடாது. பற்றவைத்து டேப் சுற்றினால் தீர்ந்தது. எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம் என்று எழுதப் போவதில்லை. ஒருத்தர் பெயரை எழுதினால் மற்றவர்கள் யோக்கியர் ஆகிவிடுவார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். தன் கோளாறைத் தானே கண்டுபிடித்து, எண் போட்டு எழுதி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒவ்வொரு வண்டியிலும் இருக்கணும் என்று சட்டமே சொல்கிறது. ஓ.பி.டி. என்பார்கள். 2020-ல் முதல் கட்டம். 2023 ஏப்ரலிலும் 2025 ஏப்ரலிலும் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். ஆக, வண்டிக்குத் தன் நோய் தெரியும். எழுதியும் வைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கினவனும் அவன் நம்பும் பட்டறைக்காரரும்தான் அதைப் படிக்க முடியலை! கடையில் பொதுவான ஸ்கேனர் கிடைக்குதே என்பார்கள். கிடைக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி சொருகும் பின் வேற, எண்ணுக்கு அர்த்தம் வேற. சென்சாரையோ கம்ப்யூட்டரையோ மாற்றினால் சில வண்டிகளில் கம்பெனி மெஷின் வந்து "சரி" என்று சொன்னால்தான் வேலை முடியும். வயரிங் படம் கேட்டால் கிடையாது. பயிற்சி கேட்டால் எங்கள் ஊழியருக்கு மட்டும் என்பார்கள்.

இதில் நம்ம பக்கத்துப் பழக்கமும் கொஞ்சம் மாறணும், சொல்லித்தான் ஆகணும். அம்பது ரூபாய்க்கு பெட்ரோல் போட்டு வத்த வத்த ஓட்டுறது இந்த வண்டிக்கு ஆகாது. டேங்குக்குள் இருக்கிற பம்பைக் குளிர வைக்கிறதே அந்தப் பெட்ரோல்தான். பாட்டிலில் வாங்கும் பெட்ரோலில் இருக்கிற தூசி இன்ஜெக்டரை அடைக்கும். இதை விற்கும்போதே தமிழில் நாலு வரி சொல்லியிருந்தால் எத்தனையோ பம்பு பிழைத்திருக்கும். மாலை போட்டுப் போட்டோ எடுத்து அனுப்புவதோடு சரி.

சரி, பழைய வண்டியையே வைத்துக்கொள்கிறோம் என்றால் விடுகிறார்களா? 15 வருசம் ஆன வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 1,000 ஆனது. 20 வருசம் தாண்டினால் 2,000 என்று 2025 ஆகஸ்டில் ஏற்றினார்கள். இன்னொரு பக்கம் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால். கரும்பும் மக்காச்சோளமும் போடுகிற நம் சகோதர விவசாயிகளுக்கு அதில் நாலு காசு கிடைக்கும் என்பதால் எத்தனாலே வேண்டாம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அதற்கென்று செய்யாத பழைய வண்டியின் ரப்பர் குழாயும் வாஷரும் சீக்கிரம் பழுதாகுமே, அந்தச் செலவு யார் தலையில்? புதுசை வாங்கினால் பூட்டு, பழசை வைத்திருந்தால் அபராதம். விவசாயி எந்தப் பக்கம் போவான்?

வண்டியோடு இது நின்றுவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டருக்கு 2023 ஜனவரி 1 முதல் ட்ரெம் 4 விதி வந்துவிட்டது. டீசல் பம்புக்குப் பதிலாக அங்கேயும் கம்ப்யூட்டர்தான் டீசலை அளந்து விடுகிறது. நாட்டில் விற்கிற டிராக்டரில் பெரும்பாலானவை 50-க்குக் கீழே. அடுத்த கட்டமான ட்ரெம் 5 அந்தச் சின்ன டிராக்டர்களையும் தொடும். 2024 ஏப்ரலில் வர வேண்டியதைத் தள்ளிப் போட்டார்கள். எப்போது வந்தாலும், உழவுக்கு ஈரம் இருக்கிற நாலு நாளில் டிராக்டர் மஞ்சள் விளக்கு போட்டு நின்றால் என்ன ஆகும்? பாலை ஆட்டோவில் அனுப்பலாம். ஈரத்தை எதில் ஏற்றி வைப்பது?

அமெரிக்காக்காரன் இதைப் பார்த்துவிட்டான். அங்கே பெரிய பெரிய டிராக்டர் வைத்திருக்கிற விவசாயிகளே, சொந்த டிராக்டரைச் சொந்தமாக ரிப்பேர் பார்க்க முடியலை என்று வருசக்கணக்கில் போராடினார்கள். 2023-ல் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கான ரிப்பேர் உரிமைச் சட்டம் போட்டது. 2024 ஜனவரி முதல் அது அமலில் இருக்கிறது. கருவி, கையேடு, உதிரிபாகம், மென்பொருள் எல்லாவற்றையும் விவசாயிக்கும் வெளிப் பட்டறைக்கும் கம்பெனி கொடுத்தாக வேண்டும். 2025 ஜனவரியில் அந்த நாட்டின் வணிக ஆணையம் ஜான் டியர் கம்பெனி மேல் வழக்கே போட்டது. முதலாளித்துவத்தின் கோட்டை என்கிறோமே, அங்கே!

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிபாகத்தையும் கோளாறு பார்க்கும் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் அடைத்து வைத்தது குற்றம் என்றது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது வேறு கதை. கார் வைத்திருக்கிறவருக்காகச் சொன்ன நியாயம் எக்ஸ்.எல். வைத்திருக்கிறவருக்கு இல்லையா? 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை ரிப்பேர் உரிமைக்கு ஒரு குழு போட்டது. விவசாய இயந்திரம், வாகனம், செல்போன், வீட்டு உபயோகப் பொருள் என்று நாலு துறையைக் கணக்கில் எடுத்தார்கள். அதே வருசம் டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தார்கள். திறந்ததோடு சரி. கம்பெனி விருப்பப்பட்டால் விவரம் போடலாம், போடாவிட்டால் கேட்பதற்குச் சட்டம் இல்லை. 2025 மே மாதம் ரிப்பேர் செய்ய எளிதா என்று மதிப்பெண் போடும் திட்டம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதுவும் முதலில் செல்போனுக்கும் டேப்லெட்டுக்கும்தான்.

கம்பெனிகள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. திறந்து விட்டால் ஆளாளுக்குக் கம்ப்யூட்டர் கணக்கை மாற்றி, சைலன்சர் வடிகட்டியைப் பிடுங்கி, பழையபடி புகை விடுவார்கள் என்கிறார்கள். படிப்பது வேறு, திருத்துவது வேறு என்று அவர்களுக்குத் தெரியாதா? நோயாளியிடம் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொடுத்தால் அவன் ரத்தத்தையே மாற்றிவிடுவான் என்பது போல இருக்கிறது இந்தப் பேச்சு. வடிகட்டியைப் பிடுங்குகிறவனைப் பிடிக்கப் புகைச் சோதனை இருக்கிறது, ஆர்.டி.ஓ. இருக்கிறார். உண்மையில் நடப்பது தலைகீழ். சரியாகப் பார்க்க வழியில்லாத வண்டிதான் அரைகுறை ரிப்பேரில் அதிகப் புகை விடும். பட்டறைக்காரருக்கு வழி காட்டினால் காற்றும் சுத்தமாகும்.

ஆகவே நமது சங்கம் மத்திய, மாநில அரசுகளைக் கேட்பது இதுதான். ஒவ்வொரு கம்பெனியும் தன் வண்டியின் கோளாறு எண்களையும் அவற்றின் அர்த்தத்தையும் வயரிங் படத்தையும் தமிழில், இலவசமாக வெளியிட வேண்டும். எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரிப் பின்னும் பட்டறைக்காரர் வாங்கக்கூடிய விலையில் கருவியும் வேண்டும். வயரிங் செட்டை மொத்தமாக மாற்று என்று சொல்லாமல், கெட்டுப்போன துண்டை மட்டும் வாங்க உதிரிபாகம் கிடைக்க வேண்டும். காரைக்குடியிலேயே அரசுப் பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. விடுமுறையில் அங்கே கிராமப்புற மெக்கானிக்குகளுக்கு உதவித்தொகையோடு பயிற்சி நடத்தலாமே, என்ன தடை? சின்ன டிராக்டர்களுக்குப் புது விதி வருவதற்கு முன்னால் இந்த ரிப்பேர் உரிமை சட்டமாகிவிட வேண்டும். விதி முதலில், உரிமை பிறகு என்றால் ஏற்க மாட்டோம்.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் இதை மனுவாகக் கொடுக்கிறோம். அமராவதிபுதூர், கல்லல், தேவகோட்டை, சாக்கோட்டைப் பகுதி விவசாயிகள் திரளாக வர வேண்டும். பட்டறைக்காரர்களே, நீங்களும் கடையை ஒரு நாள் சாத்திவிட்டு வாருங்கள், இது உங்கள் பிழைப்பும்தான். கடந்த ரெண்டு வருசத்தில் புது வண்டிக்கு ரிப்பேர் பார்த்தவர்கள் ஜாப் கார்டு, பில் ரெண்டுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, எத்தனை நாள் வண்டி நின்றது என்று அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டு வாருங்கள். இனிமேல் எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்காமல் ஷோரூமை விட்டு வெளியே வராதீர்கள். அதையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். எலி கடித்த அந்த வயரை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம், மனுவோடு அதையும் மேசையில் வைக்கப் போகிறோம்.